மேற்படி பல்லி

மே 6, செவ்வாய்

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. முதல் பக்கத்தில் விவரம் கேட்கிறார்கள். பெயர்: குற்றாலிங்கம். தொழில்: கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடிக் கடை, பாளையங்கோட்டை. பொழுதுபோக்கு: வீடியோ கேம் ஆடுவது, ஆடியது போதாதென்று சொந்தமாக ஒரு கேம் எழுதி வெப்சைட்டில் போட்டுப் பராமரிப்பது. ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை பிரமு ஒத்துக்கொள்ளமாட்டாள். உங்களுக்குப் பொழுது போகுது, எனக்கு நிக்குது என்பாள்.

பிரமு என் மனைவி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கோடை லீவுக்கு இன்று காலை தென்காசியில் அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். இதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது பல்லியின் வாலைப் பற்றி. என் கேமில் ஆடுகிறவர்தான் பல்லி. சுவரில் ஓடிக் கொசு பிடிக்க வேண்டும். ஒரு துடைப்பம் துரத்திக்கொண்டே வரும். அடிபட்டு விழுந்தால், கீழே கட்டிலில் படுத்திருப்பவர் மேல் எந்த இடத்தில் விழுந்ததோ அதற்குரிய பலன் பஞ்சாங்கப்படி திரையில் வரும். வலது தோள் என்றால் வெற்றி, தலை என்றால் கலகம். ஆட்டம் முடிந்தது என்று மொட்டையாகச் சொல்லி அனுப்புகிற உலகத்தில் இப்படி யோசித்தவன் நான் ஒருவன்தான். இன்று முதல் அந்தப் பல்லி ஆபத்தில் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாம். துடைப்பம் ஏமாந்து வாலைத் துரத்தும். இரண்டு மாத உழைப்பு.

பிரமு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே “போறேன்” என்றாள். நான் “சரி” என்றேன். வால் அப்போதுதான் முதல்முறையாகத் துடித்தது.

மே 7, புதன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மே 9, வெள்ளி

என் வெப்சைட்டின் மூலையில் ‘இப்போது விளையாடுபவர்’ என்று ஒரு எண் உண்டு. இதுநாள் வரை அது பூஜ்யம். நான் சோதித்துப் பார்க்கும்போது மட்டும் ஒன்று. இன்று கடையைத் திறந்து பார்த்தால், நான் ஆடாமலே ஒன்று. மத்தியானமும் ஒன்று. கடை அடைக்கும்போதும் ஒன்று. யாரோ ஒரு மனிதர் அன்ன ஆகாரமில்லாமல் என் பல்லியை ஆடிக்கொண்டிருக்கிறார்.

யாராக இருக்கும்? பொங்கலுக்கு இணைப்பைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன். நாற்பது பேர் இருக்கிற குழுவில் என் மாமனார் மட்டும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார். அவர் எதற்கும் கும்பிடு போடுவார், கரெண்ட் கட் அறிவிப்புக்குக்கூட. மாமா ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். பேச்சே பத்திரம் மாதிரி இருக்கும். சாப்பிடும்போது, “மேற்படி சாம்பார்ல உப்பு இல்ல” என்பார். ஃபோனில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், அந்தக் கும்பிடு தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் அவர் இல்லை.

ஃபிரிட்ஜ் மேல் ஒரு வளையல் பொட்டலம் இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

வெப்சைட்டின் கருத்துப் பெட்டிக்கு முதல் கருத்து வந்திருக்கிறது. அப்படியே எழுதிவைக்கிறேன்:

‘மேற்படி பல்லியானது தன் வாலை உதிர்த்த பிறகும், அவ்வாலின் மீது துடைப்பம் பட்டால் பல்லிக்கு உயிர்ச்சேதம் ஏற்படுகிறது. உதிர்ந்த வாலின் மீது பல்லிக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்பதால் இது முறையன்று. சரிசெய்யவும். இப்படிக்கு, மேற்படியார்.’

திமிரைப் பாருங்கள். உடனே கேமின் கோடிங்கைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. வாலும் பல்லியும் ஒரே உடம்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிசெய்ய அரைநாள் ஆனது. உப்புமா அடிப்பிடித்தது. மேலாகச் சுரண்டிச் சாப்பிட்டேன், மோசமில்லை.

மே 14, புதன்

பிரமு ஃபோன் செய்தாள்.

“கேஸ் புக் பண்ணியாச்சா?”

“ஆச்சு.”

“வாட்டர் டேங்க்க கழுவச் சொன்னனே.”

“சொல்லியிருக்கேன், வருவாங்க.” சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

“இங்க தென்காசி ஸ்கூல்ல கணக்கு டீச்சர் இடம் ஒண்ணு காலியா இருக்காம். மாசக் கடைசியில டிரான்ஸ்பர் கவுன்சிலிங். அப்ளை பண்ணியிருக்கேன்.”

“ஓ,” என்றேன்.

“சரி, வைக்கேன்.”

நல்ல செய்திதான். தென்காசியில் காற்று நன்றாக இருக்கும். சாரல் வரும். அவள் அங்கே வேலைக்குப் போனால் நான் சனி ஞாயிறு போய்வரலாம். கடைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அதனால் ஞாயிறு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இன்று ஒருவருக்கு வேறு ஒருவரின் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். தெருமுக்கிலிருந்து திரும்பி வந்து, “தெருவே மேடா இருக்கே சார்” என்றார்.

மே 15, வியாழன்

அன்ன ஆகாரமில்லாத ரசிகரின் மர்மம் உடைந்தது. ஆடி முடித்தவர்கள் ‘வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்திப் பெயரைப் போட்டால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. இவர் அதை அழுத்துவதே இல்லை. ஆடிவிட்டு ஃபோனை அப்படியே வைத்துவிடுகிறார். வெப்சைட், பாவம், இன்னும் ஆடுகிறார் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறது. ஏன் அழுத்துவதில்லை என்பதற்கும் கருத்துப் பெட்டியில் விளக்கம் வந்துவிட்டது:

‘வீடு தேடி வந்தவரைப் பார்த்து ‘வெளியேறு’ என்பது எந்த ஊர் வழக்கம்? அப்பொத்தானை அழுத்த மனம் ஒப்பவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ‘போகிறேன்’ என்றுகூட நம் வீடுகளில் சொல்வதில்லை. தக்க வார்த்தை இடும்வரை அடியேன் வெளியேறுவதாக இல்லை. இப்படிக்கு, மேற்படியார்.’

உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் போடுகிறார்கள், உமக்கு மட்டும் தாம்பூலம் வைத்து வழியனுப்ப வேண்டுமோ என்று ஒரு பதில் அடித்தேன். அனுப்பவில்லை. பொத்தானை ‘போய் வருகிறேன்’ என்று மாற்றினேன். அழுத்தியவர் பெயரோடு ‘இன்னார் போய் வருகிறார்’ என்று திரையில் வரும்படியும் செய்தேன். கொஞ்ச நேரத்தில் எண் பூஜ்யமானது. ‘மேற்படியார் போய் வருகிறார்.’ பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பிரமு அன்றைக்கு ‘போறேன்’ என்றுதான் சொன்னாள். தெருமுனைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனால்கூட ‘போயிட்டு வாரேன்’ சொல்லாமல் படி இறங்காதவள். அவசரத்தில் வாய் தவறியிருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

மே 17, சனி

மறுபடி மேற்படியார்: ‘கட்டிலில் கிடப்பவரின் இடது தோளில் பல்லி விழுந்ததை வலது தோள் என்று காட்டி ‘வெற்றி’ என்கிறீர். அவர் நம்மைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டீர் போலும். இதை நம்பி ஒருவர் காரியத்தில் இறங்கினால் யார் ஜவாப்தாரி?’

பதினொரு வருடமாக எதிரே ஆளை உட்காரவைத்து ‘இடது கண்ணை மூடுங்க, இப்ப வலது’ என்று சொல்லிப் பிழைக்கிறவன் நான். இது வெளியே தெரிந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

மே 18, ஞாயிறு

இன்று தோன்றியது, எந்த ஊரிலிருந்து ஆடுகிறார்கள் என்று வெப்சைட்டின் கணக்கில் பார்க்கலாமே என்று. பார்த்தேன்.

தென்காசி.

எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். தென்காசிதான். எல்லா ஆட்டமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. வீட்டில் எல்லாரும் அசந்து தூங்குகிற நேரம்.

எவ்வளவு மடையன் நான். அந்தப் பத்திர பாஷை! கல்யாணமான புதிதில் பிரமு அவள் அப்பாவைப் போலவே பேசிக் காட்டி என்னைச் சிரிக்கவைப்பாள். ‘மேற்படி மாப்பிள்ளையானவர் சுய புத்தியுடன்’ என்று ஆரம்பிப்பாள், எனக்குப் புரையேறும். தப்புக் கண்டுபிடிக்கிற கண்ணும் கணக்கு டீச்சருடையது. ‘வெளியேறு’ என்ற சொல்லில் அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதும் இப்போது புரிகிறது. என்னிடம் பேசமாட்டாளாம், என் பல்லியிடம் பேசுவாளாம்.

இன்று வாட்டர் டேங்க்கை நானே இறங்கிக் கழுவினேன். பாட்டுக்கூடப் பாடினேன், தொட்டிக்குள் குரல் நன்றாக இருக்கிறது.

மே 20, செவ்வாய்

அவள் பாணியிலேயே பதில். மேற்படியார் என்ற பெயரில் ஆடுகிறவருக்கு மட்டும் பல்லி விழுந்தால் பஞ்சாங்கப் பலன் வராது. நான் எழுதிய பலன் வரும். இரண்டு நாளாகக் கடையில் ஆள் வந்தது போனது தெரியாமல் எழுதினேன். சில:

நெற்றி: உன் ஸ்டிக்கர் பொட்டு குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியபடியே இருக்கிறது. தினமும் அதன் நேரே நின்றுதான் ஷேவ் செய்கிறேன்.

வயிறு: நீ வைக்கும் புளிக்குழம்பின் நினைப்பு.

வலது கைவிரல்: உன் விரல் பட்டதால் என் பல்லி பிறவிப்பயன் அடைந்தது.

இடது தோள்: சினிமாவுக்குப் போனால் இதன் மேல்தான் நீ தூங்குவாய்.

இப்படி இருபத்தைந்து இடம். காதலிக்கும்போது இப்படி எழுதியதில்லை. பெண் பார்த்துச் செய்த கல்யாணம், எழுத வாய்ப்பு வரவில்லை.

மே 22, வியாழன்

பதில் வந்தது.

‘மேற்படி பல்லி நெற்றியில் விழுந்தால் ஏதோ பொட்டு குளியலறையில் இருப்பதாகத் தளம் கூறுகிறது. அடியேனுக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லை, விபூதி மட்டுமே. சினிமாவுக்குச் சென்றும் பல வருடங்கள் ஆகின்றன. பலன்களை மறுபரிசீலனை செய்யவும்.’

என்ன குறும்பு. வேஷத்தைக் கலைக்கவே மாட்டாள். ரசித்து ரசித்து நாலு தடவை படித்தேன். ‘விபூதி மட்டுமே’ என்ற இடத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்துத்தான்.

மே 24, சனி

நானே ஃபோன் செய்தேன்.

“என்ன, நெத்தியில விபூதியா?” என்றேன், குரலில் ஒரு நயத்தோடு.

“என்னது?”

“சினிமாவுக்குப் போயி பல வருஷம் ஆச்சாமே.”

“என்ன உளறுதிய? வெயில்ல அலைஞ்சியளா? மோர் குடிங்க.” அதை அதோடு விட்டுவிட்டாள். “கவுன்சிலிங் இருவத்தொம்பதாம் தேதி. லெட்டர் வந்திருக்கு.”

“போறியா?”

“வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியல,” என்றாள். வைத்துவிட்டாள்.

அது வேஷம் போடுகிற குரல் இல்லை. பயமாக இருக்கிறது.

மே 25, ஞாயிறு

அந்த வளையல் பொட்டலத்தைப் பற்றி எழுதாமலே தள்ளிக்கொண்டு வந்தேன். எழுதிவிடுகிறேன்.

இந்த மாதம் நாலாம் தேதி பிரமுவின் சித்தப்பா மகள் வடிவுக்கு டவுனில் வளைகாப்பு. பிரமுதான் அக்கா, முதலில் வளையல் போட வேண்டியவள். பட்டுச்சேலை கட்டி, பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். “ஒரு நிமிஷம்,” என்றேன். வால் துடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். “ஒரே நிமிஷம்.” நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிரமு வீட்டுக்கு வந்து பொட்டலத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

இன்று அதை எடுத்துக்கொண்டு வடிவு வீட்டுக்குப் போனேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

“வாங்க அத்தான். பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேத்தப்பொறவு கொண்டு வருவியளோன்னு நெனச்சேன்.”

“தப்புதான் வடிவு.”

“எங்கிட்ட ஏன் சொல்லுதிய? எனக்குக் கை நெறைய வளையல் இருக்கு. அன்னைக்கு அக்கா மொகத்தத்தான் பாக்க முடியல.” பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிக்கொண்டாள். “வீங்கிப் போச்சு கை. மெதுவாத்தான் ஏறுது. ஒரு நிமிஷம் இருங்க அத்தான்.”

வேண்டுமென்றே சொன்னாள் என்று நினைக்கிறேன். இருந்தேன்.

மே 28, புதன்

கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே வந்தார். பின்னால் குடையோடு பிரமு. நாளைக்குக் கவுன்சிலிங். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“வாங்க மாமா. என்ன திடீர்னு?”

“கண்ணு மசமசங்குது மாப்பிள்ளை. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.”

நாற்காலியில் உட்காரவைத்தேன். பிரமுவைப் பார்க்காமல் கேள்விகளைக் கேட்டேன். தலைவலி உண்டா, சர்க்கரை உண்டா. “கிட்ட வச்சு எதையாவது ரொம்ப நேரம் பார்த்தியளா? பேப்பர், பஞ்சாங்கம்?”

மாமா பிரமுவைப் பார்த்தார். அவள் மடித்த குடையை மறுபடி மடித்தாள்.

“பல்லி பாக்கேன்,” என்றார்.

நான் மேலே கூரையைப் பார்த்தேன். “எந்தப் பல்லி?”

“மேற்படி பல்லிதான்.”

என் கையிலிருந்த லென்ஸ் மேஜையில் விழுந்து ஒரு வட்டம் அடித்துப் படுத்தது.

“கத்திரி வெயில்ல வெளிய போகக்கூடாதுன்னுட்டா உங்க அத்தை. ஆபீஸ் பக்கம் போயி நாலு பேரப் பாக்க வழியில்ல. அப்பந்தான் நீங்க பொங்கலுக்கு அனுப்புன அத அமுக்கிப் பார்த்தேன். மொதல்ல நல்லாத்தான் இருந்துது. இப்ப ஒரு வாரமா பலனெல்லாம் ஒரு தினுசா வருது மாப்பிள்ளை. வயித்துல விழுந்தா புளிக்கொழம்புங்கிய. வெரல்ல விழுந்தா பிறவிப்பயன்ங்கிய. எனக்கு வெரல்ல பத்திரம் எழுதிக் காய்ச்ச ஆணிதான் இருக்கு. மூணு பஞ்சாங்கம் பார்த்துட்டேன், ஒண்ணுலயும் இல்ல. உங்க அத்தைகிட்டச் சத்தமா வாசிச்சு அர்த்தம் கேட்டேன். அவ முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா.”

கடைக்குள் ஏசி போட்டிருந்தும் எனக்கு முதுகு நனைந்துவிட்டது. “பிரமுவும் கேட்டாளா?” என்றேன், அவள் அங்கேயே நிற்கிறாள் என்பதை மறந்து.

“சனிக்கெழமையிலேருந்து அவதான் தெனமும் கேப்பா, ‘அப்பா, இன்னைக்கு எங்க விழுந்திய?’ன்னு. நான் வாசிப்பேன். நேத்து இடது தோள்ல விழுந்தத வாசிச்சதும் எந்திரிச்சு மாடிக்குப் போயிட்டா.”

பிரமு குடையை மூலையில் சாய்த்துவிட்டு, “வடிவு ஃபோன் பண்ணினா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் பேப்பர் திருத்தும்போது இருக்கிற முகம்.

சோதனைச் சட்டத்தை மாமா முகத்தில் மாட்டி லென்ஸைப் போட்டேன்.

“மாப்பிள்ளை, மறுபடி இடது வலத மாத்திட்டிய,” என்றார் மாமா.

நான் அவருக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது பிரமு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பல்லியைத் திறந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அதை ஆடி நான் பார்த்ததில்லை. கொசுவை விட்டுவிட்டு நேரே துடைப்பத்தில் போய் முட்டினாள். மறுபடி ஆரம்பித்தாள். அதற்குள் நான் ஓட்டலில் சொல்லிப் பூரிக்கிழங்கு வரவழைத்துவிட்டேன்.

“பிரமு, சாப்பிட வா.”

“ஒரு நிமிஷம்,” என்றாள், திரும்பாமல்.

மாமாவும் நானும் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பூரி உப்பல் அடங்கித் தட்டையானது. ஒரு பெண்மணி வந்து கண்ணாடி கேட்டுவிட்டு, யாரும் கவனிக்காததால் போய்விட்டார். “பிரமு” என்றேன். “ஒரே நிமிஷம்.” அந்த நிமிஷத்துக்கு இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் அது எவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மாமாவோ பெஞ்சின் நுனிக்கு வந்து, “வால விட்டுரு, வால விட்டுரு” என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஏதோ தட்டினாள். எழுந்தாள். ஆறிய பூரியை நின்றபடியே சாப்பிட்டாள். “அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று குடையை எடுத்தாள். என்னிடம் போறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆட்டோ முக்கு திரும்புகிற வரை வாசலில் நின்றேன். நாளைக்குக் கவுன்சிலிங்.

கடையை அடைக்கலாம் என்று உள்ளே வந்தேன். கம்ப்யூட்டரை நிறுத்தப் போனவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கோர் படுமோசம், ஏழு கொசு. அதன் கீழே திரை நடுவில்:

‘பிரமு போய் வருகிறார்.’

கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டு வந்தேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. பிரமு கவுன்சிலிங்கில் இடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு நேற்றுச் சாயங்காலம் வந்துவிட்டாள். காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். “குடும்ப நலன்னு எழுதுனேன். பல்லின்னா எழுத முடியும்?” என்றாள். மாமா பழைய பலன்களை உடனே திரும்பப் போடும்படி வாட்ஸப்பில் கேட்டிருக்கிறார். ஸ்கோரில் முதலிடத்தில் இன்னமும் அவர்தான்.

காலையில் துடைப்பத்துக்கு ஒரு புது வேகம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. “ஏங்க, போயிட்டு வாரேன்,” என்றாள்.

“ஒரு நிமி” என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினேன். பல்லி சுவரிலேயே நிற்க, எழுந்து வாசல் வரை போனேன்.